நாளைய மனிதனை யார் தீர்மானிப்பது?

வருங்கால மனிதன் எப்படி இருப்பான்? கற்பனை வளம் படைத்தவர்களை நெடுங்காலமாக ஈர்த்து வந்த கேள்வி இது. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1893ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பத்து இலட்சம் ஆண்டுகளுக்குப் பின் வரும் மனிதனுக்குத் தலை பெருத்திருக்கும், உடல் சிறுத்திருக்கும் என்று அவர் சித்திரித்தார். அதன் பின்னர் வந்த கதைகளும் திரைப்படங்களும் ஏறத்தாழ அந்தச் சித்திரத்தையே திரும்பத் திரும்ப நமக்குக் காட்டி வந்திருக்கின்றன.

அந்நாளில் அது பொழுதுபோக்கான கேள்வியாக இருந்தது. மனிதன் மாறினால் மாறட்டும். அதைத் தடுக்கவோ விரைவுபடுத்தவோ எவராலும் இயலாது என்ற நிலை இருந்தது. இன்று அந்த நிலை போய்விட்டது. கருவிலேயே மனிதனைத் திருத்தி எழுதும் கருவி மனிதன் கைக்கே வந்துவிட்டது. ஆகவே, "மனிதன் எப்படி மாறுவான்?" என்ற கேள்விக்கு முன்னால், "மனிதனை மாற்றும் உரிமை யாருக்கு உண்டு?" என்ற கேள்வி வந்து நிற்கிறது. மனித இனத்தின் தோற்றம் குறித்த வாதங்களை நாம் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. நம் பார்வை முன்னோக்கியது. இனி வரப்போகிறவர்களுக்கு நாம் என்ன செய்யப்போகிறோம் என்பதே நம் கவலை.

சப்தமின்றி நடந்த மாற்றங்கள்

மனித உடல் மாறிக்கொண்டே வந்திருக்கிறது என்பதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நாம் அருந்தும் பாலையே எடுத்துக்கொள்வோம். பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் கைக்குழந்தைகளுக்கு இயல்பாகவே உண்டு. வளர்ந்த பின் பெரும்பாலோருக்கு அது குறைந்துவிடுகிறது. உலகில் வயது வந்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் இத்தகையவரே. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கால்நடை வளர்த்து, பாலை உணவாகக் கொண்ட சமூகங்களில் அந்த ஆற்றல் முதுமை வரை நிலைத்துவிட்டது. ஐரோப்பியரிடத்திலும், கிழக்கு ஆப்பிரிக்க மேய்ப்பரிடத்திலும், ஒட்டகம் வளர்த்த அரபு மக்களிடத்திலும் இம்மாற்றம் தனித்தனியே, வெவ்வேறு மரபணு வழிகளில் நிகழ்ந்திருக்கிறது.

காற்று மெலிந்த திபெத்திய பீடபூமியில், நம்மவர் போனால் மூச்சுத் திணறும் உயரத்தில், அந்நாட்டார் இயல்பாக வாழ்கிறார்கள். அதற்குத் துணை செய்யும் மரபணு மாற்றம் ஒன்றை 2010ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தனர். இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவுக் கரையில் பஜாவ் என்னும் மக்கள் இருக்கின்றனர். கடலில் மூழ்கி மீனும் சிப்பியும் எடுப்பது அவர்களுடைய பரம்பரைத் தொழில். மூழ்கும்போது மண்ணீரல் சுருங்கி, அதில் தேங்கியிருக்கும் இரத்தச் சிவப்பணுக்களை உடலுக்கு வழங்கும். பஜாவ் மக்களின் மண்ணீரல் அண்டைச் சமூகத்தாருடையதைக் காட்டிலும் சுமார் 50 விழுக்காடு பெரியது என்று 2018இல் வெளியான ஆய்வு கூறிற்று. கடலில் மூழ்கும் வழக்கம் இல்லாத பஜாவ் மக்களிடமும் இப்பெருக்கம் காணப்பட்டது.

இம்மாற்றங்களை எவரும் திட்டமிடவில்லை. இப்படித்தான் பிறக்க வேண்டும் என்று எந்தத் தந்தையும் எந்த அரசனும் ஆணையிடவில்லை. சூழலைத் தாங்கியவர்களின் பிள்ளைகள் பெருகினர். தாங்காதவர்களின் வழி குறுகியது. அந்தத் தேர்வில் இரக்கம் இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அதில் மனிதர் எவருடைய விருப்பு வெறுப்பும் கலந்திருக்கவில்லை.

கைக்கு வந்த கருவி

2012ஆம் ஆண்டில் எம்மானுவேல் சார்பென்டியே, ஜெனிஃபர் டௌட்னா என்னும் இரு பெண் விஞ்ஞானிகள் தம் குழுவினருடன் ஒரு முறையை வெளியிட்டனர். பாக்டீரியாக்கள் தம்மைத் தாக்கும் வைரஸ்களை வெட்டி வீழ்த்தக் கையாளும் உபாயத்தையே பயன்படுத்தி, மரபணுவை வேண்டிய இடத்தில் வெட்டலாம் என்று அவர்கள் காட்டினர். கிரிஸ்பர் என்று அம்முறை பெயர் பெற்றது. 2020இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவ்விருவருக்கும் கிடைத்தது.

இக்கருவியால் விளைந்த நன்மையை மறுப்பது நன்றி கெட்ட செயலாகும். அரிவாள் செல் சோகை என்றொரு பரம்பரை நோய் உண்டு. இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து நுண்ணிய குழாய்களை அடைத்துக்கொள்ளும். நோயாளி தாங்கொணா வலியால் துடிப்பார், ஆயுளும் குறையும். நோயாளியின் இரத்த மூல உயிரணுக்களை வெளியே எடுத்து, கிரிஸ்பர் முறையால் திருத்தி, மீண்டும் உடலில் செலுத்தும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும், டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி வழங்கின. இம்மாற்றம் அந்த நோயாளியோடு நின்றுவிடும். அவருடைய சந்ததிக்குச் செல்லாது. வலியில் துடிக்கும் ஒருவர், விளைவை அறிந்து, தம் சம்மதத்தோடு பெறும் வைத்தியம் இது. இதனை நாம் இரு கரம் நீட்டி வரவேற்கிறோம்.

ஆனால் இதற்கு ஐந்தாண்டு முன்பே வேறொன்று நடந்துவிட்டது. 2018 நவம்பரில், சீனாவின் ஷென்ஜென் நகரைச் சேர்ந்த ஹே ஜியான்குய் என்ற ஆராய்ச்சியாளர், கரு நிலையிலேயே மரபணு திருத்தப்பட்ட இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக அறிவித்தார். எய்ட்ஸ் கிருமி உட்புக வழியாக இருக்கும் ஒரு மரபணுவை முடக்கிவிட்டதாகப் பெருமையும் கொண்டார். தந்தையிடமிருந்து அக்கிருமி குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்க ஏற்கனவே எளிய முறைகள் இருந்தன. மேலும், அவர் செய்த திருத்தம் இயற்கையில் காணப்படும் மாற்றத்தை ஒத்ததாகவும் இல்லை. அம்மரபணு செயலிழந்தவர்களுக்கு மேற்கு நைல் காய்ச்சல் கடுமையாகும் என்பதும் அறியப்பட்ட செய்தியே. 2019 டிசம்பரில் சீன நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

தண்டனைக் காலம் முடிந்து அவர் வெளியே வந்துவிட்டார். அச்சிறுமியர் உடலில் செய்யப்பட்ட மாற்றத்துக்கோ முடிவு இல்லை. அது அவர்கள் வழியாக அவர்களுடைய மக்களுக்கும், மக்களின் மக்களுக்கும் செல்லக்கூடியது. இத்தனை பேரில் ஒருவரிடமும் எவரும் சம்மதம் கேட்கவில்லை; கேட்கவும் இயலாது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். பெற்றோர் எதைத்தான் பிள்ளையைக் கேட்டுச் செய்கிறார்கள்? பெயர், மொழி, பள்ளி, பழக்கம் எல்லாமே பெற்றோர் முடிவுதானே? நியாயமான கேள்வி. ஆனால் நாம் கற்பித்ததைப் பிள்ளை வளர்ந்தபின் எடைபோட்டுப் பார்க்கலாம். ஏற்கலாம், திருத்தலாம், விட்டும் விலகலாம். ஒவ்வோர் உயிரணுவிலும் எழுதப்பட்டதை அப்பிள்ளை எங்கே போய் விலக்கும்? வளர்ப்பில் பிள்ளையிடம் மறுமொழி சொல்ல ஒரு வாய் இருக்கிறது. கருவைத் திருத்துவதில் அந்த வாய் இல்லை.

குறை எது, நிறை எது?

"சரி, நோயை மட்டும் வேரோடு களைந்தால் என்ன?" என்று கேட்போரும் உண்டு. இதற்கும் அந்த அரிவாள் செல் நோயே பாடம் புகட்டுகிறது.

அதற்குக் காரணமான மரபணு தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் நோய் உண்டாகும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால், பெரும்பாலும் தீங்கில்லை. மாறாக, மலேரியாவின் கொடுமையிலிருந்து பாதுகாப்பு கிடைக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆராய்ந்து இவ்வுண்மையை 1954இல் வெளியிட்டவர் ஆண்டனி அல்லிசன் என்னும் மருத்துவர். அதற்கு ஈராண்டு முன்னர், 1952இல், நம் நீலகிரி மலையின் பழங்குடி மக்களிடத்தும் இதே மரபணு இருப்பது கண்டறியப்பட்டது. மலேரியா மலிந்த காடுகளில் வாழ்ந்த மக்களுக்கு அது ஒருபுறம் சாபமாகவும் மறுபுறம் கவசமாகவும் இருந்திருக்கிறது. அல்லிசனுக்கு ஒரு தலைமுறை முன்பே இன்றைய கருவி மனிதர் கையில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? 'இது குறைபாடு' என்று துடைத்தெறிந்திருப்பார்கள். ஒரு நோயைப் போக்கிய மகிழ்ச்சியில், எத்தனையோ குழந்தைகளை மலேரியாவுக்குக் காவலின்றி விட்டிருப்பார்கள்.

ஒரே ஒரு மரபணுவின் கதை இது. உயரம் என்ற ஒரு பண்போடு மட்டும் 12,000க்கும் மேற்பட்ட மரபணு வேறுபாடுகள் தொடர்பு கொண்டிருப்பதாக 2022ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டியது. அவற்றில் எது வேறு எதற்கெல்லாம் காரணமாகிறது என்பதை முழுதும் அறிந்தவர் எவரும் இல்லை. அறிவு, குணம், மன உறுதி ஆகியவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நோயைக் களைய வேறு வழியே இல்லையா என்றால், பெரும்பாலும் உண்டு. ஈரானில் 1997 முதல், திருமணத்துக்கு முன் தலசீமியா என்னும் இரத்த நோய்க்கான பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டது. இருவரிடமும் அம்மரபணு இருந்தால், அதன் விளைவை எடுத்துச் சொல்லி ஆலோசனை வழங்குகிறார்கள். நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் வழக்கமுடைய நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது. பிறக்காதவரின் உடலில் கை வைக்காமல், பிறந்து வளர்ந்தவர்கள் அறிந்து முடிவெடுக்கும் வழி அது.

தேர்வு செய்யும் மனம்

கருவியைப் பற்றிய அச்சத்தைவிட, அதைப் பிடிக்கும் கையைப் பற்றிய அச்சமே நமக்குப் பெரிது. மனித இனத்தை 'மேம்படுத்தும்' ஆசை புதியதன்று. இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்ட்டன் 1883இல் அதற்கு ஒரு பெயரே சூட்டினார். 1907இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலம், 'தகுதியற்றவர்' என்று கருதப்பட்டோருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யச் சட்டம் இயற்றியது. பிற மாநிலங்களும் பின்தொடர, 60,000க்கும் மேற்பட்டோர் அதற்கு ஆளாயினர். 1933இல் ஜெர்மனியின் நாஜி அரசு இயற்றிய சட்டத்தால் சுமார் 4 இலட்சம் பேர் கருத்தடைக்கு உட்படுத்தப்பட்டனர். அந்தச் சட்டங்களை வகுத்தவர்கள் தம்மைக் கொடியவர்களாக எண்ணவில்லை. வருங்காலத்துக்குத் தொண்டு செய்வதாகவே நம்பினார்கள்.

அவை அரசுகளின் குற்றம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. நம் நாட்டில் அரசு ஆணை ஏதுமின்றி ஒரு தேர்வு நடந்தது. கருவிலிருக்கும் சிசுவின் நலம் காண வந்த ஸ்கேன் கருவி, அது ஆணா பெண்ணா என்று காணும் கருவியாயிற்று. ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 1991இல் 945 பெண் குழந்தைகள் இருந்தனர். 2001இல் அது 927 ஆகக் குறைந்தது. பாலினத்தைச் சொல்வதற்கு எதிராக 1994இலேயே சட்டம் இயற்றப்பட்டும் இந்நிலை. இதற்கு எந்தச் சர்வாதிகாரியும் கட்டளையிடவில்லை. ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, 'நம் நன்மைக்கே' என்று ஒரு முடிவெடுத்தது. அம்முடிவுகள் சேர்ந்து ஒரு தேசத்தின் கணக்கையே மாற்றிவிட்டன.

நம் வீடுகளைச் சற்று எண்ணிப் பார்ப்போம். பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்விகள் யாவை? "மூன்றாவதும் பெண்ணா?" என்று இழுக்கிறது ஒரு குரல். "நிறம்தான் கொஞ்சம் மட்டு" என்று பரிவு காட்டுகிறது மற்றொன்று. பெண் பார்க்கப் போகிற இடத்தில் படிப்பையும் பண்பையும் முந்திக்கொண்டு நிறம் பேசப்படுகிறது. இம்மனத்தின் கையில், பிள்ளையின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி நாளை வந்து சேர்ந்தால், கறுத்த பிள்ளை பிறக்க இடம் கிடைக்குமா? நம் பாட்டிமாரின் முகம் இம்மண்ணில் மிஞ்சுமா? விஞ்ஞானத்தால் வரும் ஆபத்து என்று சொல்கிறோம். உண்மையில் அது நம் வரவேற்பறையிலும் அடுக்களையிலும் ஏற்கனவே குடியிருக்கிறது.

பணத்தின் பங்கையும் மறக்கலாகாது. மேலே சொன்ன அரிவாள் செல் சிகிச்சைக்கு அமெரிக்காவில் வைக்கப்பட்ட விலை 22 இலட்சம் டாலர். அந்நோயால் மிகுதியும் வாடுகிற ஆப்பிரிக்க ஏழைக்கோ, நம் பழங்குடிக் குடும்பத்துக்கோ அது எட்டாக் கனி. வைத்தியத்துக்கே இந்த நிலை என்றால், விரும்பிய பண்புகள் விற்பனைக்கு வரும் நாளில் என்ன ஆகும்? செல்வன் தன் பிள்ளைக்குச் சொத்தோடு உடலையும் பரம்பரையாக எழுதி வைப்பான். பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று சொல்லிச் சொல்லி நாம் உடைக்க முயலும் சுவரை, பிறப்பைக் கொண்டே மீண்டும் எழுப்புவார்கள்.

மனிதனை மனிதனாக்கியது

ஈராக்கின் வடக்கு மலைப் பகுதியில் ஷானிதர் என்றொரு குகை இருக்கிறது. 1957இல் அமெரிக்க அகழாய்வாளர் ரால்ஃப் சொலெக்கி அங்கே ஒரு பழங்கால மனிதரின் எலும்புகளைக் கண்டெடுத்தார். நியாண்டர்தால் இனத்தைச் சேர்ந்த அவர் வாழ்ந்து 40,000 ஆண்டுகளுக்கு மேலாகிறது. வலக்கை சூம்பி முன்கை இல்லாமற்போனவர், முகத்தில் விழுந்த அடியால் ஒரு கண்ணின் பார்வையும் பெரும்பாலும் போயிருக்கும், நடையும் ஊனம். ஆயினும் அக்காயங்கள் ஆறி, அதன்பின் பல ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார் என்று அந்த எலும்புகள் சொல்கின்றன. வேட்டையாட முடியாத அவருக்குப் பிறர் துணை நின்றிருக்க வேண்டும். வேட்டையாடி உண்ட அந்தக் கூட்டத்துக்கு அவரால் என்ன பயன் என்று கணக்குப் பார்த்திருந்தால் அவரை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் விட்டுவிடவில்லை.

பலவீனமானவரை விட்டுச் செல்லாத இந்தக் குணத்துக்கு எந்த மரபணுத் திருத்தமும் ஈடாகாது. வருங்கால மனிதன் நோயற்றவனாகலாம், நெடுநாள் வாழ்பவனாகலாம். ஆனால் தன் விருப்பத்துக்கு ஒத்துவராத பிள்ளையை ஏற்காதவனாகவும் அவன் ஆகிவிட்டால், அதனை வளர்ச்சி என்று எப்படிச் சொல்வது?

ஆகவே நாம் ஓர் எல்லையை வகுத்துக்கொள்வோம். துன்புறும் மனிதரின் துன்பத்தை, அவர் சம்மதத்தோடு போக்குவதற்கு இக்கருவி பயன்படட்டும். அது ஏழைக்கும் எட்டட்டும். பிறக்காதவரை நம் ஆசைக்கேற்ப வார்த்தெடுக்க வேண்டாம். பிள்ளை நமக்கு உடைமையன்று; அமானிதம். அமானிதப் பொருளைக் காப்பது நம் கடமை. அதை நம் மனம்போல் மாற்றிச் செய்துகொள்ள நமக்கு உரிமை இல்லை.

சட்டங்கள் வரும், உலக மாநாடுகள் கூடும். அவற்றுக்கு முன்பே நம்மால் தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. மூன்றாவதாகப் பிறந்த பெண் குழந்தையையும், நிறம் மட்டான குழந்தையையும், நடக்கவும் பேசவும் தாமதிக்கும் குழந்தையையும், முகம் சுளிக்காமல் கையில் வாங்கிக்கொள்ள நம் வீடுகள் பழகட்டும். நாளைய மனிதன் எப்படி இருப்பான் என்பது ஆராய்ச்சிக் கூடத்தில் தீர்மானிக்கப்படும் முன், தொட்டிலருகே நாம் பேசும் சொற்களில் தீர்மானிக்கப்படுகிறது.