இல்லாத ரயில் பாதை

மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் ஒரு குறுகிய ரயில் பாதை திறக்கப்பட்டது. தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடிதான் அகலம். பஞ்சகாலத்தில் தானியம் கொண்டுசேர்க்கப் போட்ட பாதை அது. 1913இல் ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941இல், மூடப்பட்டது.

இப்போது அந்தப் பாதை 'இல்லை'. இந்த 'இல்லை' என்பது என்ன? நியாய வைசேடிகத் தத்துவவாதிகள் இன்மையையும் ஒரு பதார்த்தமாகவே, அதாவது தனிப் பொருள்வகையாகவே, எண்ணினர். வெறுந்தரையைப் பார்ப்பவன் அங்கே குடம் இல்லாததையும் சேர்த்தே பார்க்கிறான் என்பது அவர்கள் வாதம். குயவன் குடத்தை வனையுமுன் இருந்த இன்மைக்குத் தொடக்கம் இல்லை, முடிவு உண்டு. குடம் உடைந்தபின் வரும் இன்மைக்குத் தொடக்கம் உண்டு, முடிவு இல்லை. பிந்தியதுதான் சிக்கலானது. ஓடுகளைத் திரட்டி அரைத்துப் புதுக்குடம் வனைந்தாலும் உடைந்த குடம் திரும்புவதில்லை.

சைவ சித்தாந்தம் இதை ஏற்காது. உள்ளது இல்லாமல் போகாது என்பது சற்காரிய வாதம். உடைந்த குடம் தன் காரணமான மண்ணில் ஒடுங்குகிறது, அவ்வளவே. அப்படிப் பார்த்தால், பெயர்த்த தண்டவாளத்தின் இரும்பு வேறெங்கோ வேறு உருவில் இருக்கிறது. இரும்புக்கு இது பொருந்தும். மொரப்பூரில் வண்டி மாறித் தருமபுரிக்குப் போன பயணம் எந்தக் காரணத்தில் ஒடுங்கியது என்பதற்கு விடை அத்தனை எளிதல்ல.

மொரப்பூர்–தருமபுரி இடையே புதிய அகலப் பாதைக்கு 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டது. நியாயக் கணக்கில் அது வேறொரு குடம்.