பச்சைத் தேநீரும் அணுவிரதமும்

இல்லறத்தார் நாள்தோறும் உண்பதும் பருகுவதும் வெறும் உடற்செயல்கள் அல்ல. அவை அறச்செயல்களும் ஆகும். எதனை உண்ணலாம், எப்பொழுது உண்ணலாம், எவ்வளவு உண்ணலாம் என வரையறுத்து வாழ்தலையே நம் முன்னோர் நோன்பு என்றனர். அண்மைக் காலத்தில் நம் இல்லங்கள் பலவற்றில் பச்சைத் தேநீர் இடம்பெற்றுள்ளது. பாலும் சர்க்கரையும் கலந்த தேநீரைக் கைவிட்டவர்கள் இதனை நலந்தரும் பானமென விரும்பிப் பருகுகின்றனர். எளியது, தூயது, பால்கூடச் சேராதது. இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் மாறியது இருக்கன்குடியில்.

பணியின் பொருட்டுச் சில ஆண்டுகள் நாம் அவ்வூரில் வாழ நேர்ந்தது. சாத்தூருக்குக் கிழக்கே, அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் கூடுமிடத்தில் அமைந்த ஊர் அது. ஆடி மாதத்துக் கடைசி வெள்ளியன்று மாரியம்மன் கோயிலுக்கு வரும் மக்கள் வெள்ளத்தில் ஊரே தெரியாது. மற்ற நாட்களில் கரிசல் நிலமும், வறண்ட ஆற்று மணலும், தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களுக்குப் புலரும் முன்னே புறப்படும் மக்களுமே காட்சி. நம்மவர் இல்லம் அங்கு வேறில்லை. ஆதலின் நம் ஒழுக்கங்களை நாமே நினைவூட்டிக்கொண்டு வாழ்ந்தோம்.

பச்சைத் தேநீரை முறையாகக் காய்ச்சக் கற்றதும் அங்கேதான். பச்சைத் தேயிலையும் கறுப்புத் தேயிலையும் ஒரே செடியின் இலைகளே. பறித்த கொழுந்தை வாடவிட்டு, உருட்டி, காற்றுப்பட்டுப் பழுப்பேறவிட்டால் அது கறுப்புத் தேயிலை. பறித்த சில மணி நேரத்திற்குள் சூடேற்றி அம்மாற்றத்தைத் தடுத்துவிட்டால் அது பச்சைத் தேயிலை. சீனர் பெரும்பாலும் வாணலியில் வாட்டியும், ஜப்பானியர் நீராவியில் வைத்தும் இதனைச் செய்வர்.

நீரை மெல்லிய துணியில் வடிகட்டிக் காய்ச்சும் வழக்கம் நமக்கு உண்டாதலின் பாதி வேலை முன்னரே முடிந்துவிடுகிறது. கொதித்த நீரை இறக்கிச் சில நிமிடம் ஆறவிட்டு, ஏறத்தாழ 80 பாகை வெப்பத்தில், ஒரு குவளைக்கு 2 கிராம் இலை இட்டு, இரண்டு அல்லது மூன்று நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். கொதிக்கும் நீரை அப்படியே ஊற்றினாலும், இலையை நெடுநேரம் ஊறவிட்டாலும் கசப்பே மிஞ்சும். உணவோடு சேர்த்துப் பருகினால், காய்கறி, பருப்புகளிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதை இது குறைக்கும். புலால் உண்ணாத நாம் உணவுக்கு ஒரு மணி நேரம் இடைவெளி விட்டுப் பருகுவது நன்று. பொழுது சாயுமுன் பருகி முடிப்பது நம் நோன்புக்கும் பொருந்தும்; உறக்கமும் கெடாது.

இவ்விலை குறித்து நம் இளைஞர் இரு வினாக்கள் எழுப்புவதுண்டு. அட்டமி, சதுர்த்தசி நாட்களில் பசுமையானவற்றை விலக்குகிறோமே, பச்சைத் தேயிலையும் விலக்கத்தக்கதா என்பது ஒன்று. சூடேற்றி உலர்த்திய இலையில் பசுமை நிறத்திலும் பெயரிலும் மட்டுமே உள்ளது. எனவே அதனைப் பச்சிலையாகக் கருத வேண்டுவதில்லை என்பது நம் கருத்து. தேன் கலந்து பருகலாமா என்பது மற்றொன்று. ஊனும் கள்ளும் தேனும் நம் இல்லறத்தார்க்கு முதற்படியிலேயே விலக்கப்பட்டவை. ஓர் உயிர் தனக்கென ஈட்டியதை வலிந்து பறிப்பதும், பறிக்கையில் பல உயிர் மடிவதும் அதற்குக் காரணம். வேண்டுமாயின் எலுமிச்சைச் சாறோ ஏலமோ சேர்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் அறிந்து, இலை தூயது, நீர் தூயது, காலம் முறையானது என்று நாம் மனநிறைவோடு பருகி வந்தோம். ஒருநாள் மாலை, பாத்திரம் துலக்க வரும் முதிய அம்மையார் அடுப்படியருகே நின்று, வடிகட்டியில் விரிந்து கிடந்த இலையை உற்று நோக்கினார். "கொழுந்தும்மா இது. மூணாவது இலையும் கலந்திருக்கு" என்றார். எப்படித் தெரியும் என்று வினவினோம். இளமையில் இலங்கைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவராம். 1964-ஆம் ஆண்டு சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று அல்லவா? அவ்வழியில் வந்த குடும்பம். இங்கு வந்தபின் தீப்பெட்டி ஒட்டியும், கட்டை அடுக்கியும் பிள்ளைகளை வளர்த்திருக்கிறார். "நல்ல இலையெல்லாம் கப்பலுக்குப் போயிரும், எங்களுக்குத் தூள்தான்" என்று சிரித்தார்.

அப்படியாயின் இன்று பருகிப் பாருங்கள் என்று ஒரு குவளையை நீட்டினோம். அவர் கை நீட்டவில்லை. "என் டம்ளரு கொல்லையில இருக்கும்மா" என்று சொல்லி, மதில்மேல் கவிழ்த்திருந்த அலுமினியக் குவளையை எடுத்து வந்தார். அதனை அங்கு வைத்தவர்கள் நாமே.

அன்று நாம் பருகிய தேநீர் கசந்தது. நமக்கு நாமே ஒரு விடை சொல்லிக்கொள்ள முயன்றோம்: அவர் புலால் உண்பவர், நம் பாத்திரத் தூய்மையைக் காக்கவே வேறு குவளை வைத்தோம் என்று. ஆயின் அக்குவளை நம் இல்லத்தில் தேநீரைத் தவிர வேறெதையும் கண்டதில்லை. புலால் உண்ணும் அலுவலக நண்பர் வந்தபோது அவருக்கு நல்ல குவளையில்தான் கொடுத்தோம். எனவே நாம் காத்தது அகிம்சையை அன்று. தமிழகத்துத் தேநீர்க் கடைகள் பலவற்றைப் பீடித்த இரட்டைக் குவளை வழக்கத்தையே அறத்தின் பெயரால் நம் கொல்லையில் வைத்திருந்தோம்.

அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து குற்றங்களை நம் நூல்கள் வகுக்கின்றன. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல் ஆகியவற்றோடு, அளவுக்கு மிஞ்சிய பாரம் ஏற்றுதலும், உணவும் நீரும் தடுத்தலும் அவற்றுள் அடங்கும். முதல் மூன்றையும் நாம் செய்வதில்லை. ஏனைய இரண்டையும் வண்டிமாட்டோடு நிறுத்திவிட்டோம். கூடை சுமந்து சரிவில் நிற்பவர் தோளை எண்ணினோமா? வேறு குவளையில் கொடுப்பதும் ஒருவகைத் தடுப்பே என உணர்ந்தோமா? கள்ளாமை விரதத்திற்குக் குறைத்து அளத்தல் ஒரு குற்றம் எனில், கொழுந்து நிறுக்கும் தராசும் அதில் அடங்காதோ? தேனீயின் உழைப்பைப் பறித்தல் தகாது எனத் தேனை விலக்கும் நாம், இலை பறித்த கைக்கு உரியது சேர்ந்ததா என்று ஒருமுறையேனும் கேட்க வேண்டாமா?

அவ்வாறாயின் தேயிலையையே விலக்கிவிடலாமே என்பர் சிலர். அதுவும் எளிய விடையன்று. நமக்குத் தெற்கே, திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலையை நோக்குக. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்த மலை அது. கூலி உயர்வு முதலான கோரிக்கைகளோடு 1999 ஜூலை 23 அன்று தொழிலாளரும் அவர்தம் ஆதரவாளரும் திருநெல்வேலியில் ஊர்வலம் வந்தபோது நிகழ்ந்த தடியடியில், தாமிரபரணிக் கரையில் 17 உயிர்கள் மடிந்தன. பின் 2024-இல் தோட்டம் மூடப்படும் நிலை வந்தபோது, தலைமுறைகளாக அங்கு வாழ்ந்தவர் எங்குச் செல்வது எனத் தவித்தனர். தோட்டம் நடந்தபோதும் துயர், நின்றபோதும் துயர். நாம் விலக்கினால் இலையின் பாவம் நம்மைத் தொடாது போகலாம். பறிப்பவர் துயர் தீர்ந்துவிடாது. தாயகம் திரும்பியோர்க்கு வேலையளிக்கவே 1968-இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது என்பதும் நினைக்கத்தக்கது. அவர்களுக்கு அவ்விலையே வாழ்வாயிற்று.

ஆதலின் விலக்கலைவிட வரையறையே இங்குப் பொருந்தும் என்று தோன்றுகிறது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என வினை மூவழியில் வந்து சேரும். எங்கோ ஒரு தோட்டத்தில் நடப்பதை நாம் செய்யவில்லை, செய்விக்கவும் இல்லை. அறியாமல் இருந்தால் உடன்பாடும் இல்லை என்று எண்ணி, அறிய மறுப்பதே நம் குறை. எங்கு விளைந்தது என்று கேட்டு வாங்குதல், மிக மலிவானதையே நாடாதிருத்தல், நாளுக்கு இத்தனை குவளை என அளவு கொள்ளுதல் ஆகியன நம்மால் இயலும். இவற்றால் உலகம் உடனே மாறிவிடாது. நம் உடன்பாடு மட்டும் குறையும்.

இருக்கன்குடியில் நாம் செய்யக்கூடியது இன்னும் எளிதாக இருந்தது. மறுநாள் கொல்லைக் குவளையை எடுத்துவிட்டோம். அவ்வம்மையார் முதலில் தயங்கினார். நான்கு நாள் கூடத்தில் நின்றபடியே பருகினார். ஐந்தாம் நாள் திண்ணையில் நம்மோடு அமர்ந்தார். "இன்னும் கொஞ்சம் சீக்கிரம் இறக்கணும்மா, கசக்குது" என்று நமக்கே பக்குவம் சொல்லிக்கொடுத்தார்.

நீரை வடிகட்டும் துணியை நாம் நாள்தோறும் அலசுகிறோம். மனத்தையும் அவ்வாறே அலசிக்கொள்வோமாக. அறம் வளர்க.