கிராம சபையில் உன் இடம் காலியாக இருக்கிறது

"நான் ஒருத்தன் போய்ப் பேசி என்ன ஆகப் போகுது?"

தம்பி, இந்தச் சொல்லை இன்றோடு விட்டுவிடு. வாடிப்பட்டியில் நின்றாலும் உசிலம்பட்டியில் நின்றாலும் திருமங்கலத்தில் நின்றாலும் இதே பேச்சுதான் காதில் விழுகிறது. படித்தவனும் சொல்கிறான், படிக்காதவனும் சொல்கிறான். டீக்கடையில் அமெரிக்கத் தேர்தல் வரை அலசுகிற வாய், சொந்த ஊர்க் கண்மாயின் மடை ஏன் உடைந்து கிடக்கிறது என்று கேட்டால் "மேலே உள்ளவங்க பாத்துக்குவாங்க" என்று மூடிக்கொள்கிறது. மேலே இருப்பவர்களை அங்கே ஏற்றி வைத்ததே உன் விரல் மைதான். அந்த விரலை உடையவன் தன்னை ஒன்றுக்கும் ஆகாதவன் என்று நினைப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

மேலூர்ப் பக்கம் கொஞ்சம் திரும்பிப் பார்.

2024 நவம்பர் 7. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் வட்டாரத்தில் கனிமம் எடுக்கும் உரிமை ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனதாக அறிவிப்பு வந்தது. பரப்பு 2,015.51 ஹெக்டேர், ஏறக்குறைய 5,000 ஏக்கர். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம், நரசிங்கம்பட்டி, வல்லாளப்பட்டி, தெற்குத்தெரு என்று பேர் சொல்லும் ஊர்களை உள்ளடக்கிய வட்டாரம். டங்ஸ்டன் போன்ற முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை 2023-இல் சட்டத்தைத் திருத்தி ஒன்றிய அரசு தன் கையில் எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் டெல்லி, அதன் கையில் சட்டம், பக்கத்தில் பெரிய கம்பெனி. இந்தப் பக்கம் யார்? ஒருபோகம் நெல் போடுகிற சம்சாரிகள்.

அவர்கள் காக்க நின்றது எதை என்பதையும் தெரிந்துகொள். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேர் நிலம் 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அந்தத் தகுதி பெற்ற முதல் இடம் அது. ஏழு குன்றுகள், பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில், சமணத் தீர்த்தங்கரர் சிற்பம், தமிழி எழுத்துக் கல்வெட்டு, பாறைக்கு அடியிலிருந்து சுரந்து கண்மாய்களை நிரப்பும் ஊற்றுகள், உச்சியில் கூடு கட்டும் லகர் வல்லூறு. ஈராயிரம் ஆண்டுக்கு முன்னால் ஒருவன் உளி பிடித்து எழுதிய சொல் இன்றும் அந்தப் பாறையில் இருக்கிறது.

அந்தச் சம்சாரிகள் முதலில் செய்தது என்ன? கல்லை எடுக்கவில்லை. கிராம சபைக்குப் போனார்கள். நவம்பர் 23-ஆம் தேதி கிராம சபை கூடியபோது மேலூர் வட்டாரத்து ஊராட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தீர்மானம் போட்டன: எங்கள் மண்ணில் சுரங்கம் வேண்டாம்.

சட்டப்படி பார்த்தால் அந்தத் தீர்மானம் டெல்லியைக் கட்டுப்படுத்தாது. அந்த உண்மையை நான் உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனால் ஊர் கூடி, கையெழுத்துப் போட்டு, பதிவேட்டில் ஏற்றிய ஒரு சொல்லுக்கு வேறொரு பலம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எந்த வாசலிலும் போய் நிற்கலாம். டிசம்பர் 9-ஆம் தேதி தமிழ்நாடு சட்டமன்றம் ஏலத்தை ரத்து செய்யக் கோரி ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. வேறு எதிலும் ஒத்துப்போகாத கட்சிகளை ஒரே பக்கம் கையைத் தூக்க வைத்தது யார்? ஜமக்காளத்தில் உட்கார்ந்து தீர்மானம் போட்ட அந்த மனிதர்கள்தான்.

பிறகு 2025 ஜனவரி 7. மேலூரில் கடைகள் அடைக்கப்பட்டன. நரசிங்கம்பட்டியிலிருந்து ஆயிரக்கணக்கான பேர் புறப்பட்டு, மதுரை தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையத்தை நோக்கி நடந்தார்கள். அம்பலக்காரர் நடந்தார், கூலிக்காரர் நடந்தார், இடுப்பில் பிள்ளையோடு பெண்கள் நடந்தார்கள். ஜனவரி 23-ஆம் தேதி ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. நவம்பர் 7-இலிருந்து எண்ணினால் 77 நாள்!

இதில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிக்கவே இல்லை. மதுரை மாவட்டக் கிராம ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் அந்தப் பேரணிக்கு இரண்டு நாள் முன்னால்தான், ஜனவரி 5-ஆம் தேதி, முடிந்திருந்தது. நடந்து போன அன்றைக்கு அந்தக் கிராம ஊராட்சிகளில் ஒரு தலைவர்கூடப் பதவியில் இல்லை. ஆனால் ஊர் இருந்தது. தலைவர் நாற்காலி காலியாகலாம். கிராம சபை காலாவதியாவதில்லை. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். யாரும் உன்னை நியமிக்க வேண்டியதில்லை, யாரும் உன்னை நீக்கவும் முடியாது.

இந்த ஒற்றுமை வானத்திலிருந்து விழவில்லை. 1895 முதல் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வருகிறது. பேரணையில் பிரிந்து, கள்ளந்திரி வரை இருபோகத்துக்கு 45,041 ஏக்கருக்குப் பாய்கிறது. அதற்குக் கீழே மேலூர்ப் பகுதியில் ஒருபோகம் 85,563 ஏக்கர். கடைமடைக்காரனுக்குத் தண்ணீர் கடைசியாகத்தான் வரும். அணையில் இருப்பு இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் நாற்றங்கால் காய வேண்டியதுதான். அதனால் வருடா வருடம் சேர்ந்து கேட்டுப் பழகியவர்கள் அவர்கள். இந்த ஊர்க்காரன் அடுத்த ஊர்க்காரனோடு ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டுப் பழகியவன். தண்ணீருக்காகக் கட்டிய சங்கம் மலைக்காகவும் நின்றது. உன் ஊரில் இன்று சின்னக் காரியத்துக்குச் சேர்ந்து பழகு. பெரிய ஆபத்து வரும்போது புதிதாக ஒன்றும் கட்ட வேண்டியிருக்காது.

இதுவரை பெருமையைச் சொன்னேன். இனி வலியைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதே மேலூர் மண்ணில்தான் மேலவளவும் இருக்கிறது.

1993 ஏப்ரல் 24-ஆம் தேதி 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதன் வழியில் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் பிறந்து, 1996-இல் தேர்தல் வந்தபோது மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலாலும் வன்முறையாலும் தேர்தல் தள்ளித் தள்ளிப் போனது. முருகேசன் நின்றார். என்ன நடக்கலாம் என்று தெரிந்தேதான் நின்றார். வென்றார். 1997 ஜூன் 30-ஆம் தேதி, மதுரைக்குப் போய்விட்டுப் பேருந்தில் ஊர் திரும்பும் வழியில் அவரும் மேலும் ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

தன்னம்பிக்கைக்கு உதாரணம் கேட்டால் நம் பேச்சாளர்கள் எங்கோ இருக்கிற கண்டுபிடிப்பாளரையும் கம்பெனி முதலாளியையும் கூட்டி வருகிறார்கள். எனக்கு அவர்கள் வேண்டாம். ஓர் ஊராட்சி நாற்காலிக்கு உயிரை விலையாக வைக்கத் துணிந்த முருகேசனைவிடப் பெரிய உதாரணம் இந்த மாவட்டத்துக்குத் தேவையில்லை. உன் பிள்ளைக்கு அந்தப் பெயரைச் சொல்லிக்கொடு. எந்தச் சாதியில் பிறந்திருந்தாலும் சொல்லிக்கொடு.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், பக்கத்து விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல். மேலவளவைப் போலவே தலைவர் பதவி ஒதுக்கப்பட்ட இந்த நான்கு ஊராட்சிகளிலும் பத்து ஆண்டுகள் தேர்தலே நிலைக்கவில்லை. சட்டம் இருந்தது, அதிகாரி இருந்தார், வாக்குப்பெட்டியும் வந்தது. ஊர் மனம் மட்டும் திறக்கவில்லை. வென்றவர் பதவியேற்ற கையோடு ராஜினாமா செய்ய வைக்கப்பட்டார். 2006-இல் அந்தப் பூட்டு உடைந்தது. அப்போது முதல்வராக இருந்த கருணாநிதி அதை அரசின் கௌரவப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார். மதுரை ஆட்சியர் உதயச்சந்திரன் ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து பேசினார். தலித் இயக்கங்களும் இடதுசாரிகளும் ஆண்டுக்கணக்கில் விடாமல் குரல் கொடுத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஊர்களுக்குள்ளேயே "போதும்" என்று சொல்லச் சிலர் துணிந்தார்கள். அக்டோபரில் தேர்தல் நடந்தது, தலைவர்கள் உட்கார்ந்தார்கள். 2021 அக்டோபர் 2-ஆம் தேதி முதல்வர் ஸ்டாலின் கிராம சபையில் கலந்துகொள்ளத் தேர்ந்தெடுத்த ஊர் அதே பாப்பாபட்டி.

இதை நான் ஆறிய புண்ணைக் கீறிப் பார்ப்பதற்காகச் சொல்லவில்லை. ஊர் ஒற்றுமை என்று வாய் கிழியப் பேசிவிட்டு, காலனித் தெருவை விட்டுவிட்டுக் கூடுகிற கூட்டத்துக்கு ஒற்றுமை என்று பெயர் கிடையாது. பாதி ஊர் வெளியே நின்றால் தீர்மானமும் பாதிதான். அரிட்டாபட்டிக்காக எல்லோரும் நடந்ததால் எல்லோருக்கும் மண் மிஞ்சியது. இதே மேலூர் வட்டத்துத் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன், 1939 ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாத ஐயரோடு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் ஒருவர். அவரே பின்னாளில் இந்த மாநிலத்தின் உள்துறை அமைச்சரானார். வைகை அணை 1959-இல் திறக்கப்பட்டபோது பொதுப்பணித் துறை அவர் பொறுப்பில்தான் இருந்தது. கோயில் வாசலில் தடுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் மகன் பொறுப்பில் இருந்தபோது கட்டிமுடித்த அணையின் தண்ணீரை எல்லாச் சாதிக்காரன் வயலும் குடித்தது.

சரி, இன்றைக்கு என்ன நிலை? ஐந்து ஆண்டு முடிவதற்குள் அடுத்த உள்ளாட்சித் தேர்தலை முடித்தாக வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்கிறது. ஆனால் 2016 அக்டோபரிலிருந்து 2019 டிசம்பர் வரை நம் கிராமங்கள் தனி அலுவலர் கையில் கிடந்தன. மதுரை மாநகராட்சி 2022 பிப்ரவரித் தேர்தல் வரை ஐந்து ஆண்டுக்கும் மேலாக மேயர் இல்லாமல் ஓடியது. 2025 ஜனவரியில் காலம் முடிந்தபோது மறுபடியும் தனி அலுவலர்கள். எந்தக் கட்சி ஆண்டாலும் இதே வழக்கம் தொடர்வது வெட்கக்கேடு. சட்டமன்றத் தேர்தலை ஒரு மாதம் தள்ளிவைத்தால் நாடே கொதிக்கும். ஊராட்சித் தேர்தல் மூன்று ஆண்டு தள்ளிப்போனால் ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. ஏன்? "நான் ஒருத்தன் போய் என்ன ஆகப் போகுது" என்று நீ வீட்டில் உட்கார்ந்திருப்பதால்தான். உள்ளாட்சிச் சீர்திருத்தம் என்று அறிக்கைகள் நூறு வந்தாலும், தேர்தலை உரிய நாளில் நடத்து என்று உன் ஊர்க் கிராம சபை ஒரு தீர்மானம் போடுவதற்கு ஈடாகாது.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர் வந்தால் போதும். 3,000 வரை என்றால் 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். வரவு செலவு, தணிக்கை அறிக்கை, பயனாளிகள் பட்டியல், ஊர்த் திட்டம் எல்லாம் அங்கே வந்தாக வேண்டும். தங்கச்சி, உனக்கும் சொல்கிறேன்: இந்த மாநிலத்தில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016-லேயே சட்டம் வந்துவிட்டது. நாற்காலியில் உன் பெயரும் கையெழுத்தில் உன் வீட்டுக்காரர் கையும் இருக்கக் கூடாது. நிதியறிக்கையை நீயே படி. புரியாத வரியைச் சபையிலேயே கேள். கேட்பதில் ஒரு அவமானமும் இல்லை.

பக்கத்து ஊர்களோடும் பேசு. நம் கண்மாய்கள் சங்கிலித் தொடராக இருப்பவை. ஒன்று நிரம்பிக் கலுங்கு வழிந்தால் மறுகால் தண்ணீர் அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத் துறைக்கு, அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று காகிதத்தில் பிரித்து வைத்திருக்கிறார்கள். தண்ணீருக்கு அந்தப் பிரிவினை தெரியாது. மேல் ஊர்க்காரன் வரத்துக் கால்வாயைத் தூர்த்து பிளாட் போட்டால், கீழ் ஊர்க்காரன் தன் கண்மாயை எத்தனை லட்சம் செலவழித்துத் தூர்வாரினாலும் வீண். ஆகவே ஒரு தொடரில் உள்ள எல்லா ஊராட்சிகளும் ஒரே நாளில், ஒரே வாசகத்தில் தீர்மானம் போட வேண்டும். மேலூர்க்காரர்கள் சுரங்கத்துக்கு எதிராகச் செய்ததை நீ ஒரு வரத்துக் கால்வாய்க்காகச் செய்ய முடியாதா? முடியும். மதுரை நகரத்துக்காரருக்கும் இதில் பங்கு உண்டு. மாநகராட்சியின் நூறு வார்டுகளுக்கும் ஏரியா சபை என்ற ஏற்பாடு வந்துவிட்டது. உங்கள் தெருவில் மழைக்குத் தண்ணீர் நிற்பதற்கும் வண்டியூர்க் கண்மாய்க்குப் போகும் வழி அடைபட்டதற்கும் உள்ள தொடர்பை அங்கே எழுப்புங்கள்.

அடுத்த கிராம சபை எந்த நாள் என்று இன்றே ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள். உன் ஊர்க் கண்மாயைப் பற்றி நாலு வரியில் ஒரு தீர்மானத்தைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போ. போகும்போது தனியாகப் போகாதே. எல்லாத் தெருவிலிருந்தும் பத்துப் பேரைக் கூட்டிப் போ, காலனித் தெருவிலிருந்து முதலில் கூப்பிடு. தீர்மானப் பதிவேட்டில் உன் வரிகள் ஏறியதை உன் கண்ணால் படித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடு, அதுவரை எழுந்து வராதே.