கயிறு பிடிப்பவர்

கடல்நீருக்குள் நுழைந்த ரேடியோ அலை சில மீட்டருக்குள்ளேயே அடங்கிவிடும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால் அலையின் வலுவை அதுவே உறிஞ்சிவிடுகிறது. ஆகவே ஆகாயத்தில் டிரோனை விடுவதுபோல் நீருக்கடியில் ரோபோவை விட முடியாது. மேலிருந்து ஓட்ட வேண்டுமென்றால் கூடவே ஒரு கேபிள் போயாக வேண்டும். மின்சாரம் அதன்வழியே இறங்கும்; கேமராப் படம் அதன்வழியே ஏறிவரும். கேபிளில்லாமல் தனியே திரியும் கலங்களும் உண்டு. ஆனால் மாணவர்கள் தொடங்குவது பெரும்பாலும் கேபிளோடுதான்.

இதை எங்கள் ரோபோப் பாடத்தின் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறோம். பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள். அதற்குப் பிறகு அவர்கள் கண்ணெல்லாம் மோட்டார்மீதும் கேமராமீதும் பொருளைக் கவ்வும் இடுக்கிமீதும்தான். கேபிள் கடைசியில் வாங்கும் சாமான். கொஞ்ச காலமாக என் கவனம் அந்தக் கடைசிச் சாமானிலேயே நிற்கிறது.

*

ஹாரி போமும் விக்கி ஜென்சனும் 1997இல் எழுதிய நூலில் ‘சீ பெர்ச்’ என்றொரு சிறிய நீரடி ரோபோ வருகிறது. கடையில் கிடைக்கும் பொருள்களை வைத்தே கட்டிவிடலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் சீ கிராண்ட் திட்டம் 2003இல் அதைப் பள்ளிகளுக்கான பாடமாக்கியது; அமெரிக்கக் கடற்படையின் ஆய்வு அலுவலகம் துணை நின்றது. பி.வி.சி. குழாயில் சட்டம், மிதப்பதற்கு நுரைத்துண்டு, மூன்று சிறு மோட்டார், 12 வோல்ட் பாட்டரி. மோட்டாருக்குள் நீர் புகாமலிருக்க அதைப் பழைய புகைப்படச் சுருள் டப்பாவில் வைத்து, சுற்றிலும் மெழுகை நிரப்புவார்கள். அமெரிக்காவில் கழிப்பறைப் பீங்கானைத் தரையோடு பொருத்தும்போது கசிவடைக்க வைக்கிற அதே மெழுகு.

மெழுகு எதற்கு, டப்பாவை இறுக மூடினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. பத்து மீட்டர் இறங்கினால் இன்னொரு வளிமண்டலத்தின் அழுத்தம் கூடுகிறது. உள்ளே காற்று இருந்தால் அது சுருங்கும், நீர் இடுக்கு தேடும். மெழுகு நிரம்பிய இடத்தில் சுருங்குவதற்கு ஒன்றுமில்லை.

கேபிள் நம் அலுவலகங்களில் கணினிக்குப் போகும் நெட்வொர்க் கேபிள்தான். எட்டு வயர், நான்கு ஜோடி. மூன்று மோட்டாருக்கு மூன்று ஜோடி போக ஒன்று மிச்சம். கேபிள் நீள நீள வயரின் தடை கூடும். மேலே 12 வோல்ட் காட்டும் பாட்டரி கீழே மோட்டாருக்கு அதைவிடக் குறைவாகவே கொடுக்கும். தடித்த வயர் போட்டால் அந்த இழப்பு குறையும். ஆனால் கேபிள் கனத்துவிடும், விறைத்துவிடும். ரோபோ தன் பலத்தையெல்லாம் கேபிளை இழுப்பதிலேயே செலவழிக்கும். ஓம் விதியைப் பாடப்புத்தகத்தில் படித்தவர்கள் அதன் விலையை இங்கேதான் பார்க்கிறார்கள். எந்தத் தடிமன் சரி என்பதற்கு ஒரே விடை கிடையாது. அவரவர் ரோபோவுக்கு அவரவர் விடை.

*

கேபிளுக்கு முன்பு கயிறு. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த காலத்தில், கல்லின் கனத்தைத் துணைகொண்டு இறங்குபவரின் உயிர் படகில் கயிறு பிடித்து நிற்பவர் கையிலிருந்தது. கீழிருந்து கயிறு அசைந்தால் உடனே தூக்க வேண்டும். மச்சானைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்கள் என்று நம் கடற்கரைகளில் இன்றும் சொல்வார்கள்: அக்காளின் தாலி அவன் கையில் இருக்கிறது, அசரமாட்டான். தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அந்தக் கயிறு பிடித்த கைகளைப் பற்றி எழுதி வைத்திருப்பது குறைவு. முத்தெடுத்தவரைப் பாடியிருக்கிறோம்.

*

கலிஃபோர்னியாவின் மான்டரேயில் 1997இல் தொடங்கிய ‘மேட்’ என்ற கடல்தொழில்நுட்பக் கல்வி மையம் 2002இல் மாணவர்களுக்கான நீரடி ரோபோப் போட்டியைத் தொடங்கியது. ஒவ்வொரு அணியும் ஒரு சிறு நிறுவனம்போல் இயங்க வேண்டும். கணக்கு எழுத வேண்டும், தொழில்நுட்ப அறிக்கை தர வேண்டும், நடுவர்களின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அந்தப் போட்டியில் எனக்கு மிகப் பிடித்தது ஒரு விதி. ஓட்டுபவர் திரையை மட்டும் பார்த்து ஓட்ட வேண்டும். குளத்தின் விளிம்பில் கேபிள் பிடிப்பவருக்கு ரோபோ கண்ணெதிரே தெரியும். ஆனால் ‘வலப்பக்கம் போ, அதோ இருக்கிறது’ என்று அவர் சொல்லக் கூடாது. எவ்வளவு கேபிள் விட்டிருக்கிறது, எங்கே சிக்கியிருக்கிறது என்பதை மட்டும் சொல்லலாம்.

கடலில் வேலை அப்படித்தான். ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தில் நடப்பது கப்பலின் மேல்தளத்தில் நிற்கும் யாருக்கும் தெரியாது. கேபிளின் இழுவிசை மட்டுமே தெரியும். அதற்கான பயிற்சி இது என்பது விதியின் காரணம். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. பதினைந்து வயதுப் பிள்ளை, தோழி தப்பான பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டே, வாய் திறக்காமல், அவளுக்குத் தேவையான அளவு கேபிளை மட்டும் விட்டுக்கொடுக்கிறது. தளர விட்டால் சுருண்டு ப்ரொபெல்லரில் சிக்கும். இறுக்கினால் ரோபோ பின்னுக்கு வரும். நடுவே ஓர் அளவு இருக்கிறது, அதைக் கைதான் கற்றுக்கொள்கிறது. ஆசிரியர்களாகிய நாம் அந்தப் பிள்ளைக்குப் பின்னால் நிற்கிறோம், நமக்கும் விடை கண்ணெதிரே தெரிகிறது.

*

2004இல் சாண்டா பார்பராவில் நடந்த மேட் போட்டியில் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரின் கார்ல் ஹேடன் பள்ளி, எம்.ஐ.டி. அணியை இரண்டாம் இடத்துக்குத் தள்ளியது. பாலைவன நகரம், மெக்சிகோவிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் நான்கு பேர், ஃப்ரெடி லாஜ்வர்டி, ஆலன் கேமரன் என்று இரண்டு ஆசிரியர்கள். ரோபோவின் பெயர் ‘ஸ்டிங்கி’. பி.வி.சி. பசையின் நாற்றத்தால் வந்த பெயர். ஜோஷுவா டேவிஸ் எழுதிய கட்டுரையும் நூலும், பிறகு வந்த திரைப்படமும் இந்தக் கதையை உலகெங்கும் கொண்டுபோயின. மின்னணுக் கருவிப் பெட்டிக்குள் நீர் கசிந்ததையும், மாதவிடாய்க்குப் பயன்படுத்தும் டாம்பான்களை உள்ளே வைத்து அந்த நீரை உறிஞ்சவைத்ததையும் எல்லோரும் சொல்கிறார்கள். சொல்ல வேண்டிய கதைதான்.

லூயிஸ் அராண்டாவை அவ்வளவாகச் சொல்வதில்லை. வாட்டசாட்டமான பையன், கனத்த ரோபோவை நீரில் இறக்கவும் தூக்கவும் பலமுள்ளவன் என்று சேர்த்துக்கொண்டார்கள். கேபிள் பிடித்தது அவன்தான். கருவியை இயக்கியவர்கள் திரையில் மூழ்கியிருக்க, கரையில் அவன் நின்றான்.

*

ஜப்பானின் ‘கைகோ’ என்ற நீரடி ரோபோ 1995இல் மரியானா அகழியின் அடியைத் தொட்டது, ஏறத்தாழ 10,911 மீட்டர். 2003இல் ஷிகோகு தீவுக்கு அப்பால் அதன் கேபிள் அறுந்தது. கலத்தை மீட்க முடியவில்லை. அவ்வளவு பெரிய கலத்துக்கும் அவ்வளவு மெல்லிய பிடிதான்.

*

எங்கள் மதிப்பெண் பட்டியலில் வடிவமைப்புக்கு, சாலிடரிங்குக்கு, ஓட்டுவதற்கு எல்லாம் கட்டம் இருக்கிறது. கேபிளுக்குத் தனிக் கட்டம் வேண்டும் என்று நினைக்கிறேன். சுருட்டி வைத்த விதம், மிதவை கட்டிய இடைவெளி, ரோபோ திரும்பிய பக்கமெல்லாம் கை போன விதம் எல்லாவற்றையும் பார்த்து மதிப்பிட முடியும். ஒவ்வொரு பயிற்சியிலும் இடம் மாறவும் வேண்டும். ஒரே பிள்ளை எப்போதும் திரைமுன் உட்கார்ந்தால், கேபிள் பிடிப்பவள் உதவியாளாகவே நின்றுவிடுவாள்.

சென்ற பருவத்தில் ஒரு மாணவி கேட்டாள்: “மிஸ், எவ்வளவு விட்டிருக்கேன்னு இருட்டுலயும் கைக்குத் தெரியணும். மீட்டருக்கு ஒரு முடிச்சு மாதிரி டேப் சுத்தட்டுமா? அஞ்சாவது மீட்டருக்கு ரெண்டு சுத்து.” இன்சுலேஷன் டேப் மேசையிலேயே இருந்தது. நானும் அவளும் தரையில் கேபிளை நீட்டி, அளவுகோலை வைத்து, ஒரு முனையிலிருந்து சுற்ற ஆரம்பித்தோம்.