தொண்டையின் சாட்சி

குரல் நடுங்கினால் பொய் என்று முடிவு கட்டிவிடுகிறோம். சுசீந்திரம் கோயிலில் முன்னாளில் கொதிக்கும் நெய்யில் கைவிடச் செய்து குற்றம் கண்டார்கள். இன்று அதைக் கேட்டால் நமக்குச் சிரிப்பு வருகிறது; தொண்டையை மட்டும் இன்னும் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறோம்.

பேசும்போது குரல்வளைத் தசைகள் தாமாக இறுகிச் சொல்லை நெரிக்கும் அபூர்வ நோய் ஒன்று உண்டு. அதே தொண்டை பெரும்பாலும் தடங்கலின்றிச் சிரிக்கும், பாடும். போதாதா? 'நடிக்கிறான்' என்று தீர்ப்பாகிவிடும். 1871இல் டிராவ்பே என்ற ஜெர்மன் வைத்தியர் இதை விவரித்தார். அதன்பின் வெகுகாலம் மனக்கோளாறு என்றே பலர் நம்பினார்கள். மூளை தசைக்கு இடும் கட்டளையில் பிசகு என்று பிற்பாடுதான் தெளிந்தது. 1976இல் டெடோ குரல்வளை நரம்பை அறுத்துக் குணம் கண்டதாக எழுதினார். நாளடைவில் பலருக்கு நோய் திரும்பிற்று. 1984 முதல் போட்டுலினம் நஞ்சைத் துளியளவு தசையில் ஏற்றுகிறார்கள். மூன்று நான்கு மாதம் குரல் இளகும். பிறகு மறுபடி ஊசி.

கோட்டாற்றுச் சந்தையில் விலை கூவிப் பிழைப்பவனுக்கு இது வந்தால்? அவன் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்க வாங்குகிறவனுக்குப் பொறுமை இருக்குமா?