விழா எடுக்கும் நினைவு

பொருநைக் கரையில், சிவகளையில் அகழ்ந்தெடுத்த முதுமக்கள் தாழி ஒன்றில் நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 1155 என்று கணிக்கப்பட்ட செய்தி 2021-இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அன்று நம் ஊர்த் தேநீர்க் கடையிலும் அதுவே பேச்சு. சொந்தமாக ஒரு காணி நிலமில்லாத மனிதர்கூட, மூவாயிரம் ஆண்டுகளாக நெல் விளைத்தவர்களின் வழிவந்தவன் தான் என்று நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கண்டோம். அடுத்த ஆண்டு, 2022-இல், நெல்லையில் பொருநை இலக்கியத் திருவிழா நடந்தது. 2004 முதல் ஆகஸ்டுத் திங்களில் சென்னை நாள் கொண்டாடப்பட்டு வருகிறது. இன்று புத்தகக் கண்காட்சியோடு வரலாற்றுச் சொற்பொழிவும், தொல்பொருள் காட்சியும், நாட்டார் கலையும் சேர்ந்து மாவட்டந்தோறும் மக்களிடம் வருகின்றன. கல்லூரிச் சுவர்களுக்குள் அடைபட்டிருந்த அறிவு திடலுக்கு வந்திருப்பது நல்லதே.

இவ்விழாக்களை வெறும் வேடிக்கை எனத் தள்ளிவிடுவோர் நம் குருக்களிடையேயும் உண்டு. அவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. கடவுளுக்கு அடுத்தபடியாக நாம் கடன்பட்டிருப்பது பெற்றோருக்கும் பிறந்த மண்ணுக்கும் என்று புனித தோமா அக்குவினார் கற்பிக்கிறார். அக்கடனைச் செலுத்துவதை ஒரு நற்பண்பாகவே கணக்கிடுகிறார். மண்ணை நன்றியோடு நினைப்பதும் அறத்தின் ஒரு பகுதி என்றால், அதற்கு விழா எடுப்பதில் குற்றமில்லை. ஆனால் நம் உள்ளத்தை உறுத்தும் கேள்வி வேறு. பெருமைக்குரியதை மட்டும் பொறுக்கி எடுத்து நினைப்பது நன்றியாகுமா?

வடக்கன்குளத்தை எடுத்துக்கொள்வோம். 1745-இல் தேவசகாயம் பிள்ளை திருமுழுக்குப் பெற்றது அவ்வூரில். சாதி வேற்றுமை பாராது எல்லாரோடும் பழகியதும் அவர் துன்புறுத்தப்பட்டதற்கு ஒரு காரணம் என்பார்கள். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிசு அவரைப் புனிதர் என அறிவித்தபோது, குமரியும் நெல்லையும் கொண்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. இந்தியப் பொதுநிலையினருள் முதல் புனிதர் அல்லவா! அதே வடக்கன்குளத்தில்தான், பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஒரே பீடத்தை நோக்கி இருவேறு கைகளாகப் பிரியும் கோயில் எழுந்தது. ஒரு சாதியார் ஒரு கையிலும் மற்றவர் மறு கையிலும் நின்று, ஒருவரை ஒருவர் பாராமல் ஒரே திருப்பலியைக் கண்டனர். 1910-இல் கௌசானல் அடிகளார் அந்தத் தடுப்பை அகற்றினார். அகற்றியதை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்கள் பிற சமயத்தார் அல்லர், நற்கருணை வாங்கிய நம்மவரே. சாதியின் பெயரால் கோயிலில் தனியிடம் கேட்கும் உரிமையைச் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. நற்செய்தி சொல்லித் திருந்தாதவர்களுக்கு நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. புனிதரும் அவ்வூரின் வரலாறு, தடுப்புச் சுவரும் அவ்வூரின் வரலாறு. முன்னதைப் பாடும் நாம் பின்னதைக் கேட்டால் பேச்சை மாற்றுகிறோம்.

விழா என்பது நீதிமன்றமா, பிள்ளை குட்டிகளோடு மகிழ வருகிறவர்களிடம் பழங்கதையைக் கிளறலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பாட்டனார் செய்த குற்றத்துக்குப் பேரன் எப்படிப் பொறுப்பாவான் என்பது அதைவிட நியாயமான கேள்வி. 2000 மார்ச் 12 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், திருச்சபையின் மக்கள் முன்னாளில் செய்த பாவங்களுக்காக உரோமையில் மன்னிப்பு வேண்டினார். அதையொட்டிப் பன்னாட்டு இறையியல் ஆணையம் வெளியிட்ட ஏடு இக்கேள்வியை எதிர்கொள்கிறது. தனி மனிதனின் குற்றப் பொறுப்பு அவன் சாவோடு முடிகிறது, அது பிள்ளைகளுக்குச் சொத்துப்போல் இறங்குவதில்லை. ஆனால் அந்தத் தீமை விட்டுச்சென்ற காயமும் நினைவும் முடிவதில்லை, அவை பின்வருவோரின் மேல் சுமையாக நிற்கின்றன. இப்படி வேறுபடுத்துகிறது அந்த ஏடு. இதில் நாம் சேர்க்க விரும்புவது ஒன்றுண்டு. பாட்டனாரின் குற்றம் நம்முடையதல்ல என்றால், அவர் கட்டிய கோபுரமும் நம்முடையதல்ல. கோபுரத்தில் பங்கு கேட்பவன் சுவரிலும் பங்கு ஏற்க வேண்டும்.

விவிலியம் விழாவையும் குற்ற அறிக்கையையும் பிரிக்கவில்லை. திருப்பாடல்கள் 105-ஐயும் 106-ஐயும் அடுத்தடுத்து வாசித்துப் பார்க்கலாம். இரண்டும் இசுரயேலின் வரலாற்றுப் பாடல்களே. முதலாவதில் ஆபிரகாமும் யோசேப்பும் மோசேயும் வருகிறார்கள். பாலைநிலத்தில் தண்ணீர் பாய்கிறது. மக்களின் குற்றம் ஒன்றுகூட இல்லை. அடுத்ததில் அதே பாலைநிலம், அதே மோசே. ஆனால் பொற்கன்று இருக்கிறது, முறுமுறுப்பு இருக்கிறது, பிள்ளைகளைப் பலியிட்ட கொடுமையும் இருக்கிறது. மூதாதையர் செய்தனர் என்று ஒதுங்காமல், தாங்களும் சேர்ந்தே செய்ததாகப் பாடகர் ஏற்றுக்கொள்கிறார். அப்பாடலும் ஆண்டவரைப் புகழ்ந்தே தொடங்குகிறது என்பது கவனிக்கத்தக்கது. புனித அகுஸ்தினார் தம் நூலுக்கு இட்ட இலத்தீன் பெயருக்கும் புகழுரை, பாவ அறிக்கை என்னும் இரு பொருளும் உண்டு. இறைவாக்கினரின் கல்லறைகளைக் கட்டி அழகுபடுத்தியவர்களை ஆண்டவர் இயேசு கடிந்துகொண்டதும் நினைவுக்கு வருகிறது. கல்லறை கட்டியது பிழையன்று. தாங்கள் அக்காலத்தில் இருந்திருந்தால் அதைச் செய்திருக்கமாட்டோம் என்று எண்ணியதே பிழை.

இவ்வளவும் எழுதும் நாம் தவறாதவர் அல்லர். சில ஆண்டுகளுக்கு முன் வட்டார வரலாற்றுக் கண்காட்சி ஒன்றுக்கு நம் பங்கின் வரலாற்றைப் பலகையில் எழுதித் தரக் கேட்டார்கள். கோயில் கட்டிய கதை, பள்ளி தொடங்கிய கதை, வாந்திபேதிக் காலத்தில் குருக்கள் செய்த தொண்டு ஆகிய அனைத்தையும் எழுதினோம். கல்லறைத் தோட்டத்தின் நிழற்படம் ஒன்றும் வைத்தோம். அத்தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் இருந்ததையும், அது பிற்காலத்தில் இடிக்கப்பட்டதையும் எழுதவில்லை. இடம் போதவில்லை என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம்.

கண்காட்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் அந்தப் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு மெல்லக் கேட்டார்: "சாமி, எங்க அப்பாவ அடக்கம் பண்ணின பக்கம் இதுல இல்லையே?" படம் முன்வாயில் பக்கமிருந்து எடுத்தது. சுவருக்கு அப்பால் இருந்த பகுதி அதில் விழவில்லை. அவர் கோபப்படவில்லை. நமக்குப் பதிலும் வரவில்லை.

இவ்வாண்டும் பலகை கேட்டிருக்கிறார்கள். சுவரைப் பற்றி இரண்டு வரியும், தோட்டம் முழுவதும் தெரியும்படி எடுத்த படம் ஒன்றும் ஆயத்தமாக இருக்கின்றன. பழைய பகை கிளம்பும் என்று பங்குப் பேரவையில் இருவர் அஞ்சுகிறார்கள். அவர்கள் அச்சத்தைப் பொய்யென்று சொல்ல முடியாது. வரும் ஞாயிறு திருப்பலிக்குப்பின் பேரவை கூடுகிறது. அந்தப் பெரியவரையும் வந்து அமரும்படி அழைத்திருக்கிறோம்.