ஐந்தாவது ஆளே, ஓடு!

முதலிடம் உனக்கு இல்லை என்று யாரோ எப்போதோ சொல்லிவிட்டார்கள், நீயும் நம்பிவிட்டாய். வகுப்பில் முதல் மூன்று ரேங்க் வாங்குகிறவர்களைப் பற்றித்தான் பேச்சு. வீட்டில் பெரியப்பா மகளைப் பற்றித்தான் பேச்சு. வேலைக்குப் போன இடத்திலும் மேடைக்கு அழைக்கப்படுவது எப்போதும் வேறு யாரோ. சரி, நான் எப்படி ஓடினால் யாருக்கு என்ன என்று ஒரு முடிவுக்கு வந்து, பாதி மூச்சில் வாழப் பழகிக்கொண்டாய். அந்த முடிவைத் தூக்கி எறி. இன்றைக்கே எறி! ஏன் எறிய வேண்டும் என்பதை, அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகள் சேற்றிலும் வெயிலிலும் ஓடுகிற ஒரு பந்தயத்தை வைத்துச் சொல்கிறேன்.

அந்தப் பந்தயத்துக்குக் கிராஸ் கன்ட்ரி என்று பெயர். கோடு போட்ட தடம் கிடையாது. புல்வெளி, மேடு, பள்ளம், மழை பெய்தால் சேறு. உயர்நிலைப் பள்ளி அளவில் பெரும்பாலும் 5 கிலோமீட்டர். அணிக்கு 7 பேர். எல்லா அணிகளும் ஒரே துப்பாக்கிச் சத்தத்துக்கு ஒன்றாகக் கிளம்பும்.

யார் ஜெயிக்கிறார்கள் என்பதைக் கவனமாகக் கேள். முதலில் வருகிறவருக்கு 1 புள்ளி, இரண்டாவதாக வருகிறவருக்கு 2, நாற்பதாவதாக வருகிறவருக்கு 40. ஓர் அணியில் முந்தி வந்த 5 பேரின் புள்ளிகளைக் கூட்டுவார்கள். எந்த அணிக்குக் கூட்டுத்தொகை குறைவோ அதற்குத்தான் கோப்பை. இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார். ஓர் அணியின் நான்கு பேர் 1, 2, 3, 4 என்று வரிசையாக வந்து நிற்கிறார்கள். மைதானமே கைதட்டுகிறது. அவர்களுடைய ஐந்தாவது ஆள் மட்டும் 60-ஆவது இடத்தில் வருகிறான். மொத்தம் 70. இன்னோர் அணியில் முதல் ஒன்பது இடங்களுக்குள் ஒருவர்கூட இல்லை. ஐந்து பேரும் 10-லிருந்து 14 வரை ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். மொத்தம் 60. கோப்பை இவர்களுக்கு!

முதல் நான்கு இடங்களையும் அள்ளிக்கொண்ட அணி தோற்றுவிட்டது. அந்த நால்வரும் இன்னும் எவ்வளவு வேகமாக ஓடியிருந்தாலும் ஒரு புள்ளிகூடக் குறைந்திருக்காது. முடிவு முழுக்க முழுக்க அந்த ஐந்தாவது பிள்ளையின் காலில் இருந்தது. அவன் ஓடிய இடமும் லேசான இடமில்லை. முன்னணியில் ஓடுகிறவர்களுக்கு இடையே தூரம் விழுந்துவிடும்; அங்கே ஒருவர் கொஞ்சம் தளர்ந்தால் ஒன்றிரண்டு இடம் போகும், அவ்வளவுதான். நடுக்கூட்டத்திலோ தோளோடு தோள் உரசிக்கொண்டு ஓடுகிறார்கள். அங்கே பத்து விநாடி சுணங்கினால் இருபது பேர் உன்னைத் தாண்டிப் போய்விடுவார்கள். இருபது புள்ளி போச்சு. அதே பத்து விநாடி பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினால் இருபது புள்ளி உன் அணிக்கு மிச்சம். அணியிலேயே அதிகப் பொறுப்பு யாருக்கு என்று கேட்டால், ஐந்தாவது ஆளுக்கு என்பேன். பத்திரிகையில் அவன் படம் வராது, அது வேறு விஷயம்.

ஆறாவது, ஏழாவது ஆட்களுக்கும் வேலை உண்டு. அவர்கள் புள்ளி கணக்கில் சேராது. ஆனால் எதிரணியின் ஐந்தாவது ஆளை அவர்கள் முந்திவிட்டால், எதிரணியின் கூட்டுத்தொகை ஏறும். இரண்டு அணிகள் சமமாக வந்துவிட்டால், யாருடைய ஆறாவது ஆள் முந்தி வந்தார் என்று பார்த்துத்தான் அமெரிக்கப் பள்ளி விதிப்படி வெற்றியை முடிவு செய்கிறார்கள். ஒரு வருட உழைப்பு, ஊர் முழுக்கக் காத்திருந்த ஒரு பட்டம், ஆறாவது பிள்ளையின் கடைசி நூறு மீட்டரில் தொங்கும்! இனியும் நான் எந்தக் கணக்கில் வருகிறேன் என்று கேட்பாயா?

சேற்றுக்கு வருவோம். பள்ளி அணிகளுக்கான நைக் கிராஸ் நேஷனல்ஸ் போட்டி 2004-இல் தொடங்கி, பல வருடங்கள் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் குதிரைப் பந்தய மைதானம் ஒன்றில் நடந்தது. மாதம் டிசம்பர். போர்ட்லண்டில் அது மழைக்காலம். பல வருடங்களில் தண்ணீர் தேங்கி, மண் கரைந்து, கணுக்கால் புதையும் சேற்றில்தான் பிள்ளைகள் ஓடினார்கள். சேறு என்று தெரிந்தால் ஓட்டக்காரர்கள் முன்கூட்டியே தயாராகிவிடுவார்கள். ஷூவின் அடியில் இருக்கும் சின்ன ஆணிகளைச் சாவி போட்டுக் கழற்றிவிட்டு, நீளமான ஆணிகளைத் திருகிப் பொருத்துவார்கள். லேஸை இரட்டை முடிச்சுப் போட்டு, அதற்கு மேல் டேப்பைச் சுற்றுவார்கள். அப்படியும் சேறு சில பேருடைய ஷூவைக் காலோடு சேர்த்துப் பிடித்து இழுத்து, ஷூவை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்ளும். குனிந்து எடுக்க நின்றால் பின்னால் வருகிற கூட்டம் முழுக்கத் தாண்டிப் போய்விடும். ஆகவே திரும்பிப் பார்க்காமல், ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் சாக்ஸுமாக எஞ்சிய தூரத்தை ஓடி முடித்த பிள்ளைகள் கிராஸ் கன்ட்ரியில் ஏராளம்.

சேறு ஒரு பெரிய நியாயத்தைச் செய்கிறது. உன் பழைய டைமிங் சேற்றுக்குத் தெரியாது. போன மாதம் நல்ல தரையில் யார் எத்தனை நிமிடத்தில் ஓடினார்கள் என்ற பட்டியலை அது ஒரே மிதியில் அழித்துவிடுகிறது. எல்லோருக்கும் நேரம் கூடும். கடிகாரத்தைப் பார்த்துப் பயனில்லை. உனக்கு முன்னால் எத்தனை பேர், பின்னால் எத்தனை பேர் என்பது மட்டும்தான் கணக்கு. நல்ல தரையில் உன்னைவிட வேகமானவன், சேற்றைக் கண்டு முகம் சுளித்த அந்த நொடியில் உனக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிடுகிறான். நிலைமை மோசமானால் தனக்குத்தான் முதலில் கஷ்டம் வரும் என்று நினைக்கிறவனே, கேள்! நிலைமை மோசமாகும்போதுதான் வரிசை கலைகிறது. வரிசை கலையும்போதுதான் உனக்கு வழி கிடைக்கிறது.

வழி கிடைத்தால் போதுமா? ஓடத் தெரிய வேண்டும். தண்ணீர் தேங்கிய குழியைச் சுற்றிப் போகாதே, நடுவில் இறங்கிப் போ. சுற்றினால் தூரம் கூடும், காலும் எப்படியோ நனையத்தான் போகிறது. அடியை எட்டி வைக்காதே. குட்டி அடியாக, சட்டுச் சட்டென்று எடுத்து வை. நீட்டி வைத்த கால்தான் வழுக்கும். தொடக்கத்திலேயே வெறி பிடித்துப் பாயாதே. சேற்றில் முதல் கிலோமீட்டரில் கொட்டிய சக்தி திரும்ப வராது. கடைசிவரை உள்ள தூரத்தை எண்ணி மலைக்காதே. உனக்கு முன்னால் ஒரு முதுகு தெரிகிறது பார், அதைப் பிடி. பிடித்து முந்தினாயா? அடுத்த முதுகு.

இதை ஒரு வாழ்க்கைமுறையாகவே ஆக்கிக்கொண்ட பள்ளி ஒன்று உண்டு. நியூயார்க் மாநிலத்தில், பனி கொட்டும் சிரக்யூஸ் பகுதியில் இருக்கும் ஃபயட்வில்-மான்லியஸ் உயர்நிலைப் பள்ளி. பயிற்சியாளர் பில் ஆரிஸ். ஆஸ்திரேலியாவில் கடற்கரை மணல் மேடுகளில் ஹெர்ப் எலியட்டை ஓடவிட்டு, 1960 ரோம் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் தங்கத்துக்குத் தயார்ப்படுத்திய பெர்சி செருட்டியின் வழியைத் தன் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தவர் ஆரிஸ். எளிய சாப்பாடு, ஒழுங்கான தூக்கம், கடுமையான பயிற்சி, தன் பெயரைவிட அணியின் பெயரைப் பெரிதாக நினைக்கும் மனசு. அந்தப் பள்ளியின் மாணவியர் அணி 2006 முதல் 2012 வரை தொடர்ந்து ஏழு வருடம் தேசியப் பட்டத்தை வென்றது. பள்ளியில் பிள்ளைகள் நான்கு வருடத்தில் படித்து முடித்துப் போய்விடுவார்கள். ஏழு வருடப் பட்டம் என்றால், அணியே முழுசாக மாறிய பிறகும் வெற்றி மாறவில்லை என்று பொருள். ஒரு நட்சத்திரத்தை நம்பி இதைச் செய்ய முடியுமா? அந்தப் பெண்கள் கூட்டமாகவே ஓடினார்கள். ஐந்தாவதாக ஓடிய பெண்ணை யாரும் ஐந்தாவது என்று நினைக்கவில்லை.

இனி மெக்ஃபார்லண்ட். என் நெஞ்சுக்கு மிக நெருக்கமான கதை இது. கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில், பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு வடக்கே இருக்கும் சிறிய ஊர். சுற்றிலும் திராட்சை, பாதாம், ஆரஞ்சுத் தோட்டங்கள். அங்கே கூலி வேலை செய்வது பெரும்பாலும் மெக்ஸிகோ வழி வந்த குடும்பங்கள். கோடையில் வெயில் 38 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். குளிர்காலத்தில் எதிரே வருபவர் தெரியாத மூடுபனி. பிள்ளைகள் இருட்டோடு எழுந்து அப்பா அம்மாவோடு தோட்டத்தில் வேலை செய்துவிட்டுப் பள்ளிக்குப் போவார்கள். வகுப்பு முடிந்தால் ஓட்டப் பயிற்சி. மேடு என்று ஒன்று கண்ணுக்கெட்டிய தூரம் இல்லாத சமவெளியில், தோட்டத்து மண் பாதைகளில் ஓடினார்கள். பயிற்சியாளர் ஜிம் வொயிட் சைக்கிளில் கூடவே வந்தார்.

1987-இல் கலிபோர்னியாவில் முதல் முறையாக மாநில அளவிலான கிராஸ் கன்ட்ரி சாம்பியன்ஷிப் நடந்தது. ஃப்ரெஸ்னோ நகரின் உட்வர்ட் பூங்காவில் ஓட்டம். வசதியான பள்ளிகளை எல்லாம் பின்னுக்குத் தள்ளி, தன் பிரிவில் மெக்ஃபார்லண்ட் ஜெயித்தது. அதன் பிறகு வொயிட்டின் பயிற்சியில் வந்த மாநிலப் பட்டங்களையும் சேர்த்தால் மொத்தம் ஒன்பது. 2015-இல் கெவின் காஸ்ட்னர் நடித்து 'மெக்ஃபார்லண்ட், யுஎஸ்ஏ' என்று படமாகவும் வந்தது.

படத்தைப் பார். ஆனால் உண்மையையும் தெரிந்துகொள். படத்தில் வொயிட் அந்த ஊருக்குப் புதிதாக வருகிறார், அதே வருடம் அணியைத் தொடங்குகிறார், அதே வருடம் ஜெயிக்கிறார். உண்மையில் அவர் 1964 முதலே அந்த ஊரில் ஆசிரியர். ஓட்ட அணியைக் கையில் எடுத்தது 1980-இல். முதல் மாநிலப் பட்டம் 1987-இல். நடுவே ஏழு வருடம்! இரண்டு மணி நேரப் படத்துக்குள் அந்த ஏழு வருடத்தை அடைக்க முடியாது. எனக்கோ அந்த ஏழு வருடம்தான் கதை. கைதட்டல் இல்லாத, செய்தியில் வராத, தினமும் மாலையில் அதே மண் பாதையில் கால் வைத்த ஏழு வருடம். நீ ஏழு வாரத்தில் சோர்ந்துபோய் இதெல்லாம் எனக்குச் சரிப்பட்டு வராது என்கிறாய்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கஷ்டப்பட்டதால்தான் அந்தப் பிள்ளைகள் ஜெயித்தார்கள் என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வறுமை யாரையும் தானாக வீரனாக்குவதில்லை. அது நிறையப் பேரை நசுக்கித்தான் போட்டிருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கத் தோட்ட வேலை செய்த பிள்ளைகள் இருந்தார்கள். மெக்ஃபார்லண்ட் பிள்ளைகளுக்குக் கூடுதலாகக் கிடைத்தது என்ன? உன்னால் முடியும் என்று நம்பி, ஊரை விட்டுப் போகாமல் கூடவே நின்ற ஒரு மனிதர். தனக்குப் பக்கத்தில் ஓடுகிற ஆறு பேர். தினமும் நடந்த பயிற்சி. இந்த மூன்றில் ஒன்றுகூடக் காசு கொடுத்து வாங்குவதில்லை. உனக்கு அப்படி ஒரு மனிதர் இல்லையா? தேடு. கிடைக்கவில்லையா? இன்னொருவனுக்கு நீ அந்த மனிதனாக இரு. அப்போது இரண்டு பேர் ஆகிவிடுவீர்கள்.

பின்னால் வருகிறவரின் கணக்குக்குத் திரும்புவோம். 1924-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிலும் கிராஸ் கன்ட்ரி இருந்தது. 40 டிகிரியைத் தாண்டிய வெயில் என்று பதிவு செய்திருக்கிறார்கள். 38 பேர் கிளம்பினார்கள். ஓடி முடித்தவர்கள் 15 பேர். பின்லாந்தின் பாவோ நூர்மி முதலிடம், அதே நாட்டின் வில்லே ரிட்டோலா இரண்டாமிடம். ஆனால் அணிக்குத் தங்கம் வேண்டுமென்றால் மூன்று பேர் ஓடி முடித்திருக்க வேண்டும். மூன்றாவது ஆளான ஹெய்க்கி லீமத்தைனன் எல்லைக்கோட்டை நெருங்கிய நேரத்தில் வெயிலில் நினைவு தடுமாறி நின்றுவிட்டார். எந்தப் பக்கம் போவது என்றுகூடப் புரியவில்லை. பிறகு தன்னைத் தேற்றிக்கொண்டு, நடந்தே கோட்டைத் தாண்டினார். பன்னிரண்டாவது இடம். பின்லாந்துக்கு அணித் தங்கம். நூர்மி என்ற மாபெரும் வீரனுக்கு அந்த அணிப் பதக்கம் கிடைத்தது, தள்ளாடி நடந்து வந்த பன்னிரண்டாவது மனிதரால்! அந்த நாளின் கொடுமையைப் பார்த்த பிறகு கிராஸ் கன்ட்ரியை ஒலிம்பிக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள். வெயிலில் மயங்கும்வரை ஓடு என்று நான் சொல்லவில்லை. உடம்பு எச்சரித்தால் நிற்பதுதான் அறிவு. ஆனால் சோர்வு வேறு, ஆபத்து வேறு. நம்மில் முக்கால்வாசிப் பேர் ஆபத்தின் பக்கமே போனதில்லை. சோர்வு லேசாகத் தலைகாட்டியதுமே நின்றுவிடுகிறோம்.

பிளஸ் டூவில் நடு மதிப்பெண் வாங்கியவனே, மூன்றாவது முறையாகத் தேர்வு எழுதப் போகிறவளே, கடையில், பட்டறையில், அலுவலகத்தில் பெயர் தெரியாமல் உழைக்கிறவனே, உன் வீடு ஓர் அணி. உன் தெரு, உன் வேலையிடம், உன் ஊர், எல்லாமே அணிதான். அங்கே உன் இடத்தை உனக்குப் பதிலாக வேறு யாரும் ஓட முடியாது. நீ விட்டுவிட்டால் அந்த இடம் காலியாக நிற்கும். கூட்டுத்தொகையில் அது தெரியும். மழை பெய்யட்டும், தரை குழையட்டும், ஷூ கழன்று போகட்டும். நீ ஓடு!

பெற்றோரே, ஆசிரியர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பள்ளி ஓட்டப் பந்தயத்துக்குப் போனால், முதல் பிள்ளை வந்து சேர்ந்ததும் செல்போனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். ஐந்தாவது பிள்ளை, ஆறாவது பிள்ளை, கடைசிப் பிள்ளை கோட்டைத் தாண்டும்வரை அங்கேயே நில்லுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கைதட்டுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் அது கேட்க வேண்டும்.